கான்கிரீட்டைப் பெயர்த்த ஊர்

முத்துப்பேட்டையில் எங்கள் தெருவில் சபுர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போகாத வீடு குறைவு. அத்தா சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வேலை பார்த்த காலத்தில், காலாங் ஆற்றுப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவாராம். 1977 முதல் 1987 வரை அரசு அதைத் துப்புரவாக்கியது. பன்றிப் பண்ணை, படகுப் பட்டறை, தெருக்கடை எல்லாவற்றையும் கிளப்பினார்கள். ஆற்றின் அழகைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நான் குடியிருக்கும் பீஷானில் அதே காலாங் 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. பெருகிவரும் மழைநீரைத் தாங்க அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சுவரை உயர்த்தாமல் கான்கிரீட்டையே பெயர்த்தார்கள். 2012இல் வேலை முடிந்தபோது, வளைந்து நெளிந்து 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஆறு கிடைத்தது. கரையைப் பிடித்திருப்பது கல்லும் செடிகளின் வேரும். பெருமழையில் பூங்காப் புல்வெளியும் ஆறாகிவிடும். எச்சரிக்கை ஒலி கேட்டால் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பெயர்த்த கான்கிரீட் பலகைகளைக் குவித்து ஒரு குன்றே செய்துவிட்டார்கள்.

2014இல் அங்கே நீர்நாய் ஜோடியொன்று வந்தது. இப்போது நீர்நாய்க் கூட்டம் சாலையைக் கடந்தால் கார்கள் நிற்கின்றன. தொட்டியில் வளர்த்த கோய் மீனைத் தின்றுவிட்டது என்று பங்களாக்காரர்கள் புகார் செய்வதும் உண்டு.

பீஷான் கதையை நம்மூருக்குப் பாடமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது; வேறொன்றுக்காகச் செய்ததில் உயிர்கள் வந்து சேர்வது அங்கே புதிதல்ல. பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் ஏரி பாசனத்துக்கானது. மேட்டூர்த் தண்ணீர் வந்து நிறைந்தால் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும், வயலில் இறங்கி நத்தை பொறுக்கும். 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் பழைய வழக்கமொன்று கைகொடுத்தது. கூப்பு முறையில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி உப்பாகிப் பொட்டலானது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் போல வாய்க்கால் வெட்டின. ஓதநீர் ஏறி வடிய வழி கிடைத்ததும் கன்றுகள் பிழைத்தன. மீன் பிடிக்க இப்படி வாய்க்கால் வெட்டுவதுதான் எங்கள் பக்கத்து மீனவர்களின் அந்தப் பழைய வழக்கம். 2018இல் கஜா புயல் அந்தக் காட்டை முறித்துப்போட்டது வேறு கதை.

2021இல் பாசனத்துக்கான கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். போனில் மச்சானிடம் பீஷான் கதையைச் சொன்னேன்.

"அங்க ஆறு பார்க்குறதுக்கு மச்சான். இங்க கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரணும்ல?"

நியாயமான கேள்வி. ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளே தரைத்தளத்தில் கான்கிரீட் வேண்டாம் என்று போராடினார்கள். நீர்நாய்க்காக அல்ல, நிலத்தடி நீர் ஊறாமல் போர்வெல் வற்றிவிடும் என்ற பயத்தில். பீஷானிலும் யாரும் நீர்நாயை நினைத்து ஆற்றை அகட்டவில்லை. வெள்ளத்தை நினைத்து அகட்டினார்கள்; நீர்நாய் தானாக வந்து சேர்ந்தது.