மானிட்டர் கத்தும்போது

இதய சிகிச்சைப் பிரிவில் இரவுப்பணி பார்ப்பவர்களுக்கு அமைதி பழக்கமில்லாத ஒன்று. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர். ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும். "சிஸ்டர், அப்பாவுக்கு என்னமோ ஆகுது, மெஷின் கத்துது!" என்று யாராவது ஓடி வருவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

மானிட்டருக்கு இதயத்தைத் தெரியாது. நெஞ்சில் ஒட்டிய எலெக்ட்ரோடு ஸ்டிக்கர்கள் வழியே வரும் மின்துடிப்பின் கோடுதான் தெரியும். கோட்டில் எழும் முனைகளை எண்ணும், இடைவெளியை அளக்கும், அந்த நோயாளியின் வழக்கமான துடிப்போடு வடிவத்தை ஒப்பிடும். அகலமான துடிப்புகள் வரிசையாக வேகமாக வந்தால் 'வி-டேக்' என்று அலறும். சில நொடிகள் எதுவுமே வராவிட்டால் 'அசிஸ்டோல்', அதாவது இதயம் நின்றுவிட்டது. வியர்வையில் ஸ்டிக்கர் பாதி கழன்று கோடு சிறுத்துப்போனாலும் அதையேதான் சொல்லும். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பல் தேய்த்தால் போதும், கை ஆடுகிற ஆட்டம் அச்சு அசலாக வி-டேக் மாதிரி விழும்.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 77 ஐசியு படுக்கைகளை 31 நாள் கவனித்து, 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட அலாரங்கள். அதில் சரிபார்த்த 12,671 இதயத்துடிப்பு அலாரங்களில் 88.8 சதவீதம் பொய். படித்தபோது, நம்ம வார்டு மட்டும் இப்படியில்லை என்று ஓர் ஆறுதல் வந்தது.

ஆனால் பத்து தடவை ஏமாந்த காது பதினோராவது தடவை எழுந்திருக்காது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷனுக்கு, 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாக 98 சம்பவங்கள் தெரிவிக்கப்பட்டன. அதில் 80 பேர் இறந்துபோனார்கள்.

எங்கள் சீனியர் அக்கா ஒருவர் சொல்வார்: "கோட்ட அப்புறம் பாரு, மொதல்ல ஆளப் பாரு." போனதும் "ஐயா, தூங்குறீங்களா?" என்று கேட்பார். பதில் வந்தாலும் விடமாட்டார், வி-டேக்கிலும் சிலர் பேசுவார்கள். விரல் கிளிப்பின் அலை சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் ஸ்டிக்கர்.

ஒரு ராத்திரி கைநடுக்கம் உள்ள ஒரு பெரியவரின் மானிட்டர் விடாமல் கத்தியது. சைலன்ஸ் பட்டனைத் தட்டிவிட்டு எல்லோரும் சலித்துப்போயிருந்தோம். அக்கா பழைய ஸ்டிக்கர்களை உரித்தார், மார்முடியை மழித்தார், தோலைத் துடைத்து உலரவிட்டு, தோளிலிருந்து சற்றுத் தள்ளிப் புதிதாக ஒட்டினார். சத்தம் அடங்கியது.

விடியற்காலை நாலு மணிக்கு அதே மானிட்டர் மறுபடி கத்தியது. இந்தத் தடவை யாருக்கும் சலிப்பு வரவில்லை, ஓடினோம். பெரியவர் பதில் சொல்லவில்லை. விரலின் அலை தட்டையாகக் கிடந்தது. அழுத்தத் தொடங்கினோம், ஷாக் கொடுத்தோம். திரும்பி வந்தார்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஸ்டிக்கர் ஒட்டத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "இதுக்கா சிஸ்டர் நாலு வருஷம் படிச்சோம்?" என்று சிரிக்கிறார்கள்.