அக்காவின் பைல்

போன மாதம் கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் மகள் எனக்கு ஒரு பைல் அனுப்பினாள். "சின்னம்மா, அம்மாவோட பழைய சீடியில இருந்துச்சு. பாட்டி விபரம்னு பேர் போட்டிருக்கு. திறந்தா ஒன்னும் விளங்கல" என்றாள். அக்கா காலமாகி ஆறு வருடங்களாகின்றன.

அந்த விபரத்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் அம்மா இரண்டு தோட்டங்களில் கொழுந்து பறித்தவர். முதல் தோட்டத்தில் வேலை செய்த காலத்துச் சேமலாப நிதியும், 1981 இல் ஆரம்பமான ஊழியர் நம்பிக்கை நிதியும் இன்னும் கைக்கு வரவில்லை. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். அங்கத்துவ இலக்கம் அம்மாவுக்கு ஞாபகமில்லை. 2005 இல் நடையாய் நடந்து அதையெல்லாம் எடுத்துக் கணனியில் பதிந்து வைத்தவள் அக்காதான்.

பைலைப் போனில் இறக்கித் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. நோர்வூட் பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி, பைல் பெயரின் கடைசியில் 'டொக்' என்றிருந்ததை 'பிடிஎப்' என்று மாற்றினார். பிறகு அது திறக்கவே மறுத்துவிட்டது. "பழுதாப் போச்சு அக்கா, வைரசாவும் இருக்கலாம். அழிச்சிருவோமா?" என்றார். உப்புப் போத்தலில் சீனி என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது இனிக்குமா? பழைய பெயரையே திரும்பப் போடச் சொன்னேன்.

அப்போதுதான் முதல் சொல்லைக் கவனித்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கலியாணத்துக்கு முன் ஹற்றனில் ஓர் அச்சகத்தில் டைப் அடித்தவள் நான். அந்த ஐந்தையும் பாமினியில் அடித்தால் 'அம்மா' என்று வரும்!

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அடியிலுள்ள ஆங்கிலம் அப்படியே தெரியும். யுனிகோட்டில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. ஆகவே இப்போதைய போன்களில் அது சிக்கலின்றித் தெரிகிறது. தம்பி இணையத்தில் பாமினியை எடுத்துக் கணனியில் ஏற்றினார். முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவை மாற்றியதும் அக்காவின் பக்கம் தமிழில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கியது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

போனிலும் வாசிக்க வேண்டுமே என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் போட்டு யுனிகோட்டாக்கினோம். அதில் ஒரு வேடிக்கை. அக்கா ஆங்கிலத்தில் அடித்திருந்த 'ஈ.டி.எப்' என்ற மூன்றெழுத்தும் 'நுவுகு' என்று மாறிவிட்டது. மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. இலக்கங்கள் மாறவில்லை. என்றாலும் பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். காசு விஷயமல்லவா?

தெரியாத பைலையெல்லாம் இப்படித் திறக்கலாம் என்று சொல்லவில்லை. அனுப்பியவர் யாரென்று தெரியாவிட்டால், அதுவும் பெயரின் கடைசியில் 'ஈஎக்ஸ்ஈ', 'ஏபிகே' என்றிருந்தால், தொடவே வேண்டாம். அவை வாசிக்கும் பக்கங்கள் அல்ல, கணனியிலும் போனிலும் புகுந்து இயங்குபவை.

இரண்டு தோட்டத்து இலக்கங்களும், செக்ரோல் பெயரும் அதில் இருந்தன. அச்செடுத்து விண்ணப்பத்தோடு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அந்த சீடியில் இன்னும் நாலு பைல் இருக்கிறதாம். எல்லாவற்றையும் அனுப்பு, திறக்கவில்லை என்று ஒன்றையும் அழித்துவிடாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.