இரண்டு பீப்

கணினியில் விண்டோஸோடு லினக்ஸும் போடுவது பார்வையுள்ளவர்களுக்கு ஒரு மதியத்து வேலை. என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். விண்டோஸ் எழுந்த பிறகுதான் என்விடிஏ வாய் திறக்கும். அதற்கு முன்னால் வரும் பயாஸ், பூட் மெனு எல்லாம் ஊமை. திரையில் ஏதோ எழுதியிருக்கும். எனக்குக் கேட்பது விசிறிச் சத்தம் மட்டும்.

கூப்பிட்டால் அண்ணன் வருவான். "என்னமோ கேக்குதுடா, ஓகே குடுத்துட்டேன்" என்பான். என்ன கேட்டது என்பதுதானே எனக்கு வேண்டும்? பாஸ்வேர்டைக்கூட அவனிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவன் மேல் குறையில்லை. ஆனால் என் கணினியில் நான் எடுக்க வேண்டிய முடிவுகளை அவன் அவசரம் எடுத்துக்கொண்டிருந்தது.

டெபியனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதன் நிறுவியே பேசும். பென்டிரைவிலிருந்து எழுந்ததும் மெனு தயார் என்று பீப் அடிக்கும். பழைய பயாஸ் என்றால் ஒன்று, யூஇஎஃப்ஐ என்றால் இரண்டு. உடனே எஸ் அழுத்தி என்டர் தட்டினால் கொஞ்ச நேரத்தில் ஈஸ்பீக்கின் தகரக் குரல் வந்துவிடும்.

முதலில் விண்டோஸிலேயே, என்விடிஏ துணையோடு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 60 ஜிபியைப் பிரித்து வைத்தேன். அந்தப் பெட்டி எம்பியில்தான் கேட்கும்: 61440. ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டுச் சரிபார்த்தேன். பூட் மெனுவுக்கு மட்டும் போனைத் திரைமுன் பிடித்து, எழுத்தைப் படிக்கும் செயலியை ஓடவிட்டேன். பென்டிரைவ் எத்தனையாவது வரி என்று அது சொன்னது. அத்தனை முறை கீழ் அம்பு, பிறகு என்டர்.

இரண்டு பீப்.

போன் உதவியதால் இது 'தனியாகச் செய்தது' ஆகாதா? கண்ணாடி போட்டுப் படிப்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. போன் படித்ததோடு நிறுத்திக்கொண்டது. ஓகே கொடுத்தது நான்.

நிறுவியின் கேள்விகள் எண்ணிட்ட பட்டியலாக வரும். எண்ணைத் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். வட்டைப் பிரிக்கும் இடம்தான் வயிற்றைக் கலக்கியது. முழு வட்டையும் பயன்படுத்து என்று ஒரு வரி, இருப்பதிலேயே பெரிய காலியிடத்தைப் பயன்படுத்து என்று இன்னொரு வரி. ஒன்று தவறினால் விண்டோஸும் ஆறு வருடக் கோப்புகளும் போய்விடும். நகல் எடுத்து வைத்திருந்தும் கை வியர்த்தது. இரண்டு வரிகளையும் மறுபடி மறுபடி கேட்டேன். அவசரப்படுத்த ஆளில்லை.

கடைசியில், மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று கேட்டது. சும்மா என்டர் தட்டினால் 'வேண்டாம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். எதை அழிக்கப்போகிறது என்ற பட்டியலை முழுசாகக் கேட்டு, பிறகுதான் 'ஆம்' சொன்னேன்.

நிறுவும்போது பேச்சைப் பயன்படுத்தியதால், புது டெபியனும் பேசிக்கொண்டே எழுந்தது. ஓர்க்கா என் பயனர் பெயரைக் கேட்டது. பாஸ்வேர்டை நானே தட்டினேன். இந்த முறை அதை யாரும் கேட்கவில்லை.

எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் மெனு இன்னும் பேசாது. ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் தொடக்க ஒலிக்கென்று ஒரு வரி இருக்கிறது. அதன் முன்னாலிருந்த # குறியை எடுத்துவிட்டேன். இப்போது மெனு வந்ததும் ஒரு சின்னச் சத்தம். சும்மா இருந்தால் டெபியன். இரண்டு முறை கீழ் அம்பு தட்டினால் விண்டோஸ். எதற்குள் போவது என்று முடிவெடுக்க ஐந்து நொடி இருக்கிறது. தாராளமாகப் போதும்.