பன்னிரண்டு வார்த்தைச் சாவி

கிரிப்டோ நாணயம் வாங்கலாமா, கூடாதா என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வீட்டில் கணவரோ, பிள்ளையோ வாங்கி வைத்திருந்தால், அதன் பத்திரத்தைப் பற்றி நமக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

என் பெரிய பையன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் பிட்காயின் வாங்கியிருக்கிறான். எந்தக் கம்பெனியிடமும் ஒப்படைக்காமல், செல்போனில் 'வாலெட்' என்ற செயலியில் தானே வைத்துக்கொண்டிருக்கிறான்.

"பாங்க்னா மானேஜர் இருக்கார், பாஸ்புக் இருக்கு. இதுக்கு யாருடா பொறுப்பு?" என்றேன்.

"நான்தாம்மா!"

போனுக்குள் பணமே இல்லையாம்! கணக்கு உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருக்கிறது. போனில் இருப்பது சாவி மட்டுமே. வாலெட்டைத் தொடங்கும்போது, பெரும்பாலும் 2,048 சாதாரண ஆங்கில வார்த்தைகள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 வார்த்தைகளை அது வரிசையாகத் தரும். போன் தொலைந்தாலும் அவற்றை வைத்து வேறு போனில் மீட்டுவிடலாம். அதே வார்த்தைகள் திருடனிடம் சிக்கினால்? அவனும் எடுத்துவிடலாம். போனது போனதுதான்.

2022 ஆகஸ்டில் சொலானா நாணயம் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களின் வாலெட்டுகள் காலியாகின. விசாரித்தபோது, 'ஸ்லோப்' என்ற வாலெட் செயலி, ரகசிய வார்த்தைகளை மறைக்காமல் அப்படியே ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. நாம் ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதுமா? பூட்டுச் செய்தவனும் ஒழுங்காக இருக்க வேண்டுமே!

ஆகவே பெரிய தொகையைப் போனில் வைக்கக் கூடாது. அதற்கென்று சாவியைத் தனியே காக்கும் கருவிகள் விற்கின்றன. வார்த்தைகளைப் போட்டோ எடுப்பதோ, வாட்ஸப்பில் அனுப்புவதோ வேண்டவே வேண்டாம். காகிதத்தில் எழுதி, இரண்டு இடங்களில் பூட்டி வையுங்கள். "உதவி செய்கிறோம், வார்த்தைகளைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும், அவன் திருடன்தான்.

இன்னொன்றும் கேட்டேன். "நீ ஊரில் இல்லாதப்போ ஒரு ஆபத்துன்னா உன் பெண்டாட்டி என்னடா பண்ணுவா?" பையன் பதில் பேசவில்லை. வாரிசு சர்டிபிகேட் காட்டினாலும் இந்தப் பூட்டு திறக்காதே! அன்றைக்கே காகிதம் இருக்கும் இடத்தை மருமகளிடம் காட்டிவிட்டான்.

நகைப் பெட்டிச் சாவி எங்கே என்று தெரியாத குடும்பத் தலைவி உண்டா? இந்தச் சாவியையும் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வார்த்தைகள் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும்.