மருந்தும் மாதக் கணக்கும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று அதன் இறுதிக் குறள் சொல்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. பணத்தை வள்ளுவர் ஐந்தாவதாகச் சேர்க்கவில்லை. மாதச் சம்பளத்தை நம்பித் தலைநகரில் குடியிருக்கும் நம்மைப் போன்றோர்க்கோ, நோய் என்றவுடன் அந்த ஐந்தாவதே முதலில் நினைவுக்கு வருகிறது. எனினும், நம் இல்லத்தில் நேர்ந்ததை எண்ணிப் பார்க்கையில் வள்ளுவர் வகுத்த கணக்கே சரியென்று தோன்றுகிறது.

காய்ச்சல் விருந்தினரைப் போன்றது, வரும், போகும். நீரிழிவு அவ்வாறன்று. குடும்ப அட்டையில் பெயர் ஏறாமலே அது குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறது. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றோடு தன் பங்கையும் மாதந்தோறும் கேட்கிறது.

நம் வீட்டில் இந்நோய் இருவர்க்கு உண்டு. ஒருவர் நம் துணைவியார். 1954ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கப்பெற்ற மத்திய அரசு ஊழியர் நலவாழ்வுத் திட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. நம் போன்ற எழுத்தர் நிலையினரின் சம்பளத்தில் 2017 முதல் மாதம் 250 ரூபாய் பிடித்தம். டிஸ்பென்சரியில் மருந்து கிடைத்துவிடுகிறது. மற்றொருவர் நம் அன்னையார். தந்தையார் பணியாற்றிய வகையில் அவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம், நம்மைச் சார்ந்தவர் எனக் கொள்வதற்கு விதித்த வரம்பைச் சற்றே தாண்டி நிற்கிறது. ஆதலால் அவர் பெயர் நம் அட்டையில் இல்லை.

ஊரில் இருந்தவரை அன்னையார்க்கு இக்குறை தெரியவில்லை. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, அவ்வூர்ப் பெண் ஒருவரே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்குக் கொணர்ந்து தந்தார். 2022இல் தனிமை தாளாமல் அவர் நம்மோடு வந்து சேர்ந்தார். இங்கும் அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. ஆயின் அதற்கு நமக்கு அரைநாள் விடுப்பும், அவருக்கு நீண்ட வரிசையில் நிற்கும் கால்களும் வேண்டும். ஆகவே கடையில் வாங்கலானோம். மாதம் ஏறத்தாழ 1,900 ரூபாய் ஆயிற்று.

வரவு செலவை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நம் வழக்கம். சென்ற ஆண்டில் ஒரு காலாண்டில், ‘அம்மா மருந்து’ என்ற தலைப்பில் செலவு 1,900லிருந்து 1,000க்கு இறங்கியிருந்தது. கடையிலோ விலை குறையவில்லை. அதே வேளையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை 7.2லிருந்து 9.4க்கு ஏறியிருந்தது. செலவு குறைந்தது; சர்க்கரை கூடியது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்தபோதுதான் செய்தி விளங்கிற்று. அன்னையார் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை உண்டுவந்தார்.

மருத்துவர் இந்தியில் கேட்ட கேள்விகளை அவருக்குத் தமிழில் சொன்னவள் நம் மகள். “வேளை தவறாமல் சாப்பிடுகிறேன் என்று சொல்லம்மா” என்பார் பாட்டி. பேத்தியும் அப்படியே சொல்வாள். உண்மை வெளிப்பட்ட அன்று அன்னையார் சொன்னது இதுதான்: “காலேஜுக்குப் பணம் கட்டுகிற வீட்டில் கிழவிக்கு எதற்கடா இத்தனை மாத்திரை?”

இச்சிக்கனத்தைவிட விலையுயர்ந்தது வேறில்லை. உண்ணாத மாத்திரை, உடலிடம் வாங்கும் கடன். அதற்குரிய வட்டியைக் கண்ணும் சிறுநீரகமும் பாதங்களுமே கட்டுகின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பிய அனைவர்க்கும் விரிவாக்கப்பெற்றது. 2025 ஏப்ரலில் தில்லியும் அதில் இணைந்தது. பெரிய உதவிதான், ஐயமில்லை. ஆயின் மருத்துவமனையில் சேர்ந்தவர்க்கே அது பொருந்தும். சேராமல் காக்கும் அன்றாட மாத்திரைக்கு நாமே வழி தேட வேண்டும்.

வழி மருந்துச் சீட்டிலேயே இருந்தது. சீட்டில் எழுதியிருந்தவை வணிகப் பெயர்கள். அவற்றுக்குள் இருப்பவை மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டன் என்னும் மருந்துகள். இவற்றையே வணிகப் பெயரின்றி விற்பவை, 2008இல் மத்திய அரசு தொடங்கிய ஜன் ஔஷதி எனப்படும் மக்கள் மருந்தகங்கள். மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொண்டோம். செலவு 550 ரூபாயாயிற்று. விலை குறைந்தால் வீரியமும் குறையுமோ என்ற அச்சம் நமக்கும் இருந்தது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது எண் 7.4. ஒரு வீட்டின் அனுபவம் எல்லார்க்கும் சான்றாகாது. மருத்துவரைக் கேளாமல் எவரும் மருந்தை மாற்றலாகாது.

நம் நாட்டில் மருந்து மலிவாய்க் கிடைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு தமிழர்க்கும் பங்குண்டு. காப்புரிமைச் சட்டத்தை எவ்வாறு திருத்துவது என ஆராய்ந்து 1959இல் அறிக்கை அளித்தவர் நீதியரசர் என். இராஜகோபால ஐயங்கார். அதன் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்தைப் பொறுத்தமட்டில் செய்முறைக்கே காப்புரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. ஒரே மருந்தை வேறு செய்முறையில் ஆக்கி விற்க நம் தொழிற்கூடங்களால் முடிந்தது. 2005இல் அந்நிலை மாறிற்று. எனினும் அதற்குள் வேரூன்றிய தொழிலின் பயனை இன்றும் நுகர்கிறோம்.

விலையைக் குறைக்கச் சட்டமும் மருந்தகமும் உள்ளன. மாத்திரை வாய்க்குச் செல்கிறதா என்று பார்க்க அவற்றால் இயலாது. அது வள்ளுவர் சொன்ன நான்காமவர் பணி. இப்போது ஞாயிறுதோறும் பாட்டியும் பேத்தியும் அமர்ந்து, வாரத்திற்குரிய மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைக்கின்றனர். குறிப்பேட்டை அன்னையாரும் படிக்கிறார். தம் மருந்துக்குரிய தொகை மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படுகிறது என்பதும், பேரப்பிள்ளைகளின் கட்டணத்திலிருந்து அது எடுக்கப்படுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஊரைவிட்டு வந்து மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் வாழும் முதியோர் நம்மிடையே பலர். தம்மைச் சுமையென்று அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை. மாத்திரையைக் குறைத்துச் சொல்கிறார்கள். இம்மலரைப் படிக்கும் அன்பர்கள், அவர்களுடைய மாத்திரை அட்டையை ஒருமுறை கையில் எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இருக்க வேண்டியதைவிட மிகுதியாக இருந்தால், அது சேமிப்பு அன்று.