கிழங்கோடு வந்த விருந்தாளி

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான கவலை உண்டு. அவர்கள் விலை கொடுத்து வாங்குவது பாறையை. அதன் பொந்துகளில் ஒளிந்து நண்டும் புழுவும் இலவசமாக வந்து சேருகின்றன. வந்தது சாதுவா, சங்காரமூர்த்தியா என்று இனங்கண்டுகொள்வதற்குள் சில சமயம் பவளமே போய்விடும். நீலகிரியில் கடல் இல்லை. கவலை மட்டும் இருக்கிறது, உருளைக்கிழங்குத் தோட்டங்களில்.

ஸல்லிவன் துரை காலத்தில் மலையேறிய பயிர் அது. பிற்பாடு ஏதோ ஒரு விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு முட்டைக்கூட்டு நூற்புழுவும் வந்திருக்க வேண்டும் என்பது அறிந்தவர்களின் அபிப்பிராயம். கிழங்குக்கும் புழுவுக்கும் பூர்விகம் ஒன்றே: தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. 1961ஆம் வருஷம் உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரத்தில் ஜோன்ஸ் என்ற ஆங்கில நிபுணர் அதைக் கண்டு சொன்னார்.

சென்ற வருஷம் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு நண்பரின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பச்சைப் பசேலென்ற பயிரின் நடுவே இரண்டு மூன்று இடங்களில் மட்டும் செடிகள் குன்றி, வெளிறி நின்றன.

"உரம் போதவில்லை, ஸார்" என்றார் நண்பர். குற்றம் சாட்டுவதற்கு உரத்தைப் போன்ற சௌகரியமான பொருள் உலகில் வேறில்லை!

செடி பூக்கும் தறுவாய். பார்ப்பதற்கு அதுவே தக்க சமயம். ஒரு செடியை வேரோடு கிளப்பி, மண்ணை மெதுவாக உதறிப் பூதக்கண்ணாடியை வைத்தேன். கசகசாவில் பாதியளவுள்ள உருண்டைகள் வேரில் ஒட்டியிருந்தன. சில வெள்ளை, சில தங்கநிறம். அத்தனையும் கர்ப்பிணிப் புழுக்கள்! இதில் இரண்டு ஜாதி உண்டு. வெள்ளையிலிருந்து பொன்னிறமாகிப் பிறகு பழுப்பாவது ஒன்று. வெள்ளையிலிருந்து நேரே பழுப்பாவது மற்றொன்று. இரண்டும் நீலகிரியில் உள்ளன. நான் பார்த்தது முதல் ஜாதி. இன்னும் சில வாரம் கழிந்திருந்தால் அவை மடிந்து, பழுப்புக் கூடுகளாகி உதிர்ந்திருக்கும். அப்புறம் மண்ணுக்கும் அதற்கும் பேதம் தெரியாது. காய்ந்த மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை வடிதாளில் பிடித்துத் தேடவேண்டும். ஒரு கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். கிழங்குச் செடியின் வேர் கசியும் ரசம் எட்டும்வரை அவற்றில் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கும். 20 வருஷங்கூட உறங்கவல்லவை.

நண்பரின் முகம் வாடிற்று. "இதை வெளியில் சொல்லத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். அரை ஏக்கர்தான் அவருடைய ஆஸ்தி. அக்கம்பக்கத்தார் விதைக்கு அவரிடந்தான் கிழங்கு வாங்குவார்கள். மகளின் படிப்புச் செலவு அதில்தான் நடக்கிறது. நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகலாகாதென்று 1971இல் தடை ஏற்பட்டது. அடுத்த வரப்புக்குப் போவதை எந்தச் சட்டம் கவனிக்கப் போகிறது? இமயமலைப் பக்கத்திலும் இப்புழு தென்பட்டு, 2018இல் ஹிமாசலம் முதலிய இடங்களின் விதைக்கிழங்குக்கும் தடை வந்துவிட்டது.

சொல்லத்தான் வேண்டும் என்றேன். காரட், பீட்ரூட், முட்டைகோஸ், பூண்டு ஆகியவற்றை இப்புழு சீண்டாது. சில போகம் மாற்றிப் பயிரிட்டால் மண்ணில் அதன் தொகை குறையும். பிறகு கிழங்கு போட விரும்பினால், முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கி 1985இல் வெளிவந்த குஃப்ரி ஸ்வர்ணா இரண்டு ஜாதியையும் எதிர்த்து நிற்கக்கூடியது. நண்பர் பதில் சொல்லவில்லை.

மறு போகத்தில் அங்கே பூண்டு முளைத்திருந்தது. மண்வெட்டியைக் கழுவாமல் வரப்பைத் தாண்டக்கூடாதென்று நண்பர் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். என் செருப்பையும் அவர் விடவில்லை.