மருமகளின் கணக்குக் கொப்பி

நான் எழுதிப் பழக்கப்பட்டவன் அல்லன். ஷபனெல் வீதியில் ஒரு தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் நிற்கிறவன். பிள்ளைகளின் கணக்குப் படிப்பைப் பற்றி எங்கள் கட்டிடத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் என்னிடம் விசாரித்தபடியால், எல்லோருக்குமாக இதை எழுதத் துணிந்தேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டியர்வில்லில் அக்கா குடும்பத்தோடுதான் இருக்கிறேன். 1977 ஆம் ஆண்டின் 101 ஆம் சட்டத்தின்படி எங்களைப் போல வந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். மருமகளும் அப்படித்தான் போனாள். ஊரில் கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாத பிள்ளை, செகண்டேர் மூன்றில் ஐம்பதுக்குக் கீழே இறங்கினாள். இங்கே சித்தியடைய 60 வேண்டும். "பிள்ளைக்கு மூளை மங்கிப்போச்சுதடா தம்பி" என்று அக்கா அழாத குறை.

அந்த நேரத்தில்தான் ஒரு படிவம் வீட்டுக்கு வந்தது. கூடவே, பிள்ளைக்கு லேசான கணக்குப் போதும் என்று ஒரு ஆலோசனையும் வந்தது. அக்கா பேனையைக் கையில் எடுத்துவிட்டா. நான்தான் மறித்து, அது என்ன படிவம் என்று நாலு பேரிடம் கேட்டேன்.

செகண்டேர் நாலில் கணக்கு மூன்று வழியாகப் பிரிகிறது. சே.எஸ்.தே. என்பது ஒன்று, தே.எஸ். இன்னொன்று, எஸ்.என். மூன்றாவது. செஜெப்பில் விஞ்ஞானம் படிக்கவேண்டுமென்றால் பின்னைய இரண்டில் ஒன்றைச் செகண்டேர் ஐந்து வரை படித்து முடித்திருக்கவேண்டும். முதலாவதை எடுத்தால் பிறகு வழி மாற முடியாது என்றில்லை, ஆனால் விட்ட பாடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும், காலம் போகும். சே.எஸ்.தே. எடுத்த பிள்ளை குறைந்த பிள்ளையுமல்ல. கலியாண வீடுகளில் இதை வைத்துப் பிள்ளைகளை அளக்கிற வேலையை நாங்கள் விடவேண்டும். ஆனால் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்து வைப்போமே.

அன்று இரவு அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு மட்டும்தான். 3,5 என்று எழுதியிருந்ததை இரண்டு இலக்கங்கள் என்று நினைத்தேன். மூன்றரையாம்! இங்கே தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி. ஆனால் வரைபைக் கண்டதும் எனக்குள் ஏதோ திறந்தது. "இது நேர்கோட்டுச் சமன்பாடல்லோ! வை சமன் எம் எக்ஸ் கூட்டல் சி!"

"இல்லை மாமா, வை சமன் ஆ எக்ஸ் கூட்டல் பே."

எழுத்துத்தான் வேறு. அவர்கள் 'பெந்த்' என்பது எங்கள் படித்திறன். 'ஓர்தொனே அ லொரிஜின்' என்று வாய் வலிக்கச் சொல்வது எங்கள் வெட்டுத்துண்டு. ஒரு கணக்கைச் சொல்கிறேன். டாக்சியில் ஏறியவுடன் 5 டொலர், பிறகு கிலோமீற்றருக்கு 2 டொலர், 21 டொலர் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? மருமகள் இதில் பூச்சியம் வாங்கியிருந்தாள். நான் தமிழில் சொன்னவுடன் 5ஐக் கழித்து 2ஆல் பிரித்து, "எட்டு" என்றாள். பிள்ளைக்குக் கணக்கு வராமலில்லை, கேள்வி விளங்கவில்லை.

அன்றே ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறினோம். பிரெஞ்சுச் சொல், தமிழ்ச் சொல், ஒரு உதாரணம். சமன்பாடு, காரணி, சார்பு, தெரியாக்கணியம் என்று நாளுக்கு ஐந்து சொல். அட்சரகணிதம் முழுவதையும் அப்படித்தான் கடந்தோம். படிவத்தில் எஸ்.என். என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் தவணையில் அவள் 60ஐத் தாண்டினாள்.

என்னுடைய அறிவு முடிகிற இடத்தில் அலோப்ரோஃப் இருந்தது. 1996 இல் தொடங்கிய இலவச உதவி அது. மாலையில் ஆசிரியர்களே ரெலிபோனில் விளக்குகிறார்கள், இணையத்தில் வீடியோவும் பயிற்சியும் இருக்கின்றன. "என்ர பிரெஞ்சைக் கேட்டுச் சிரிப்பினம்" என்று மருமகள் ஒரு கிழமை அடம் பிடித்தாள். பக்கத்தில் நான் இருக்கத்தான் எடுத்தாள். விடையைச் சொல்லித் தரமாட்டார்கள், எந்த இடத்தில் நிற்கிறாய் என்று கேட்டுக் கேட்டுப் போவார்கள். ரியூசனுக்குக் காசு கட்டி அலைகிற பெற்றோர் முதலில் இதைப் பார்க்கலாம். வீட்டில் சத்தமென்றால் கார்ட்டியர்வில் நூலகத்தில் இருந்து படிக்கலாம், அதற்கும் காசில்லை.

இப்போது அவள் செஜெப். அலோப்ரோஃப் செகண்டேர் வரைக்கும்தான், ஆனால் பல செஜெப்களில் கணக்குக்கென்றே உதவி நிலையம் உண்டு. முதல் பருவத்தில் வகையீடு. அதில் நானும் கொஞ்சம் தலையாட்டினேன். 2008 இல் கிளிநொச்சியில் உயர்தரம் இணைந்த கணிதத்தில் நான் வகையீடு வரை படித்தவன். தொகையீடு தொடங்க முதல் தருமபுரம், விசுவமடு என்று இடம்பெயர்ந்தோம். கொப்பி எந்த இடத்தில் விடுபட்டது என்றுகூடத் தெரியாது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை.

இந்தப் பருவம் அவளுக்குத் தொகையீடு. வேலையால் வந்து குளித்துவிட்டு மேசையில் இருந்தால் அவள் எனக்குப் படிப்பிக்கிறாள். எக்ஸ் வர்க்கத்தின் பெறுதி இரண்டு எக்ஸ். அப்படியென்றால் இரண்டு எக்ஸைத் தொகையிட்டால் திரும்ப எக்ஸ் வர்க்கம். போன வெள்ளிக்கிழமை பத்துக் கணக்குச் செய்து பெருமையாக நீட்டினேன். சிவப்புப் பேனையால் பத்துக்கும் பிழை போட்டுவிட்டாள்.

"மாமா, மாறிலி எங்கே?"